ரெண்டரை வயசு மகளுக்குக் கரப்பான்: புரோபயாடிக் பொடி கொடுத்தவங்க இருக்கீங்களா?

தென்றல்_பொள்ளாச்சி

வணக்கம்ங்க. என் மகளுக்கு ரெண்டரை வயசு. நாலு மாசக் குழந்தையா இருக்கும்போதே கன்னம் ரெண்டும் சிவந்து நீர் கோத்துக்கிட்டு இருந்துச்சு. கரப்பான்னு சொல்லி அம்மா அருகம்புல் தைலம் தேய்ச்சாங்க. கன்னத்துல சரியாச்சு. இப்போ முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம், மணிக்கட்டு எல்லாம் தடிச்சுக் கருத்துப் போச்சு. ராத்திரி தூக்கத்துலயே சொறிஞ்சுக்குவா. காலையில தலையணை உறையில ரத்தத் திட்டு.

தோல் டாக்டர் பார்த்துட்டு அடோபிக் டெர்மடைடிஸ், எக்ஸிமான்னு சொன்னார். ஒரு ஸ்டீராய்டு ஆயின்மென்ட்டும் மாய்ஸ்சரைசரும் எழுதிக் கொடுத்தார். ஆயின்மென்ட் போட்டா நாலு நாள்ல அடங்குது. விட்டா பத்து நாள்ல திரும்பி வருது. பிஞ்சுத் தோல்ல ஸ்டீராய்டுன்னா எனக்குப் பயமா இருக்கு.

தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, "எல்லாம் குடல்ல இருந்துதான் வருது, நல்ல கிருமி இருக்கற புரோபயாடிக் பொடி மூணு மாசம் விடாமக் கொடு, வேரோட போயிரும்"னு சொல்றாங்க. மாசம் ஆயிரத்துக்கு மேல ஆகும். செலவு பரவாயில்லை, குழந்தை தூங்கினாப் போதும். கத்திரிக்காய், முட்டை, வேர்க்கடலை மூணையும் மாமியார் சொல்லி எட்டு மாசமா நிறுத்தியாச்சு. பொடி கொடுத்துப் பார்த்தவங்க உண்மையைச் சொல்லுங்க.

மஞ்சள்காடு (ஈரோடு)

தங்கச்சி, தலையணை உறையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் உட்கார்ந்து பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்கு இப்போது ஏழு வயது. அவனுக்கு ரெண்டு வயது முடிந்த புரட்டாசியில் நானும் அந்தப் பொடியை ஆரம்பித்தேன். சரியாக 92 நாள் கொடுத்தேன். நாள் கணக்கு இவ்வளவு சுத்தமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், நான் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவள். வீட்டிலும் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருந்தேன். ராத்திரி எத்தனை தடவை எழுந்தான், எங்கே சிவந்திருக்கிறது, அன்றைக்குப் பொடி கொடுத்தேனா, எந்தக் களிம்பு போட்டேன் என்று தினமும் நாலு வரி.

முதல் மூன்று வாரம் நன்றாக இருந்தது. ஒரு ராத்திரியில் ஐந்தாறு தடவை எழுந்தவன் ஒரு தடவைதான் எழுந்தான். நான் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன், என் தங்கையின் தோழிக்கும் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். ஐப்பசி மழையில் அப்படியே ஓடியது. மார்கழிப் பனி இறங்கியதும், ஒரு நாள் கூடப் பொடி தவறாதபோதே, முன்னை விட மோசமாக வெடித்தது. முழங்கால் மடிப்பில் மஞ்சளாக நீர் வடிந்து பக்குக் கட்டியது. கிருமித் தொற்று, ஏழு நாள் ஆன்டிபயாடிக் என்றார் டாக்டர்.

அப்போதுதான் நோட்டைப் பின்னால் புரட்டினேன். பொடி ஆரம்பிப்பதற்கு முன்னாலும் அதே மாதிரி நல்ல வாரங்கள் இருந்திருக்கின்றன. வைகாசியில் ரெண்டு வாரம், ஆடியில் மூன்று வாரம். இந்த நோய் ஏறும், இறங்கும். நாம் எதையாவது புதிதாக ஆரம்பிப்பது எப்போதும் உச்சத்தில் இருக்கும்போதுதான். தானாக இறங்க வேண்டிய நேரத்தில் கையில் எது இருக்கிறதோ அதற்குப் பேர் போய்விடுகிறது. என் மகன் விஷயத்தில் அந்தப் பேர் பொடிக்குப் போனது.

ஒரு வீட்டு நோட்டை வைத்து ஊருக்கு முடிவு சொல்லக் கூடாது என்று எனக்கே தெரியும். அதனால் தேடிப் படித்தேன். குழந்தைகளுக்கு வந்துவிட்ட எக்ஸிமாவைப் புரோபயாடிக் கொடுத்துச் சரிசெய்ய முடியுமா என்பதை நிறையப் பேர் சோதித்திருக்கிறார்கள். நம்பிக்கை ஆரம்பித்த இடம் பின்லாந்து. 2000-ல் அங்கே தாய்ப்பால் குடிக்கும் 27 குழந்தைகளை வைத்துச் செய்த ஒரு சிறு ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. அதற்கப்புறம் உலகம் முழுக்கச் செய்தார்கள். அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துச் சலித்துப் பார்த்தது காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2018-ல் வெளியிட்ட தொகுப்பு. 39 சோதனைகள், 2,599 பேர், பெரும்பாலும் குழந்தைகள். அரிப்பும் தூக்கமின்மையும் எவ்வளவு குறைந்தது என்று பெற்றவர்கள் தந்த மதிப்பெண்ணில் 20-க்கு 0.44 தான் வித்தியாசம். டாக்டர்கள் தோலைப் பார்த்துப் போடும் ஸ்கோராட் என்று ஒரு மதிப்பெண் உண்டு, மொத்தம் 103. அதில் நாலு புள்ளி குறைந்திருக்கிறது. ஒரு குழந்தையின் தோலில் மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்பது புள்ளியாவது குறைய வேண்டும். இப்போது கிடைக்கிற புரோபயாடிக்குகளால் எக்ஸிமாவில் பெரிய வித்தியாசம் வராது என்றுதான் அவர்கள் முடித்திருக்கிறார்கள். என் நோட்டும் அதையேதான் சொன்னது.

பொடி என் மகனுக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாதது வேறு. அந்த மூன்று மாதமும் "உள்ளே இருந்து வைத்தியம் நடக்கிறது" என்ற தைரியத்தில் வெளிப்பூச்சைக் குறைத்துவிட்டேன். ஸ்டீராய்டு களிம்பைத் தொடவே இல்லை. தொற்று வந்து போய் உட்கார்ந்தபோது டாக்டர் நோட்டை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாய்ஸ்சரைசர் மாசத்துக்கு எத்தனை ட்யூப் தீர்கிறது?" ஐம்பது கிராம் ட்யூப் ஒன்று எனக்கு ரெண்டு மாதம் வந்தது.

பிரிட்டனில் டாக்டர்களுக்கான நைஸ் வழிகாட்டி, எக்ஸிமா உள்ள குழந்தைக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை மாய்ஸ்சரைசர் எழுதச் சொல்கிறது. வாரத்துக்கு! நான் ரெண்டு மாதத்துக்கு ஐம்பது கிராம் தடவிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று அழுதுகொண்டிருந்தேன்.

விலை கூடிய ட்யூபை அந்த அளவுக்கு வாங்க நமக்குக் கட்டாது. டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்டேன். வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியும் லிக்விட் பாரஃபினும் பாதிக்குப் பாதி கலந்தது போதும் என்று எழுதிக் கொடுத்தார். பெரிய டப்பாவாக வாங்கினேன். குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்க. மத்தியானம் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை. கடலை மாவு, நலங்கு மாவு, நார் எல்லாவற்றையும் ஓரங்கட்டினேன். வெந்நீர் வெதுவெதுப்புக்கு இறங்கியது. ஒரு எச்சரிக்கை: இந்தப் பாரஃபின் பூச்சு ஊறிய துணி நெருப்புப் பட்டால் சட்டென்று பற்றிக்கொள்ளும். பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2018-ல் இதை அறிவித்தது. சாமி விளக்கு, அடுப்பு, கார்த்திகை தீபம், தீபாவளிப் பட்டாசு பக்கம் பூச்சுப் போட்ட குழந்தையை விடவே விடாதீர்கள்.

ஸ்டீராய்டு பயத்துக்கு வருகிறேன். உங்கள் பயம் நியாயமானது. டாக்டர் சீட்டே இல்லாமல் கடையில் வாங்கி மாசக்கணக்கில் முகத்தில் போட்டுத் தோல் மெலிந்து போனவர்கள் நம் ஊரில் நிறைய. ஆனால் உங்கள் டாக்டர் குழந்தையைப் பார்த்து, வீரியம் பார்த்து எழுதிக் கொடுத்ததை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். எவ்வளவு போட வேண்டும் என்பதை எனக்கு அவர் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தார். பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் அரை கிராம். நம் உள்ளங்கை ரெண்டு அகலத்துக்கு அது போதும். நாலாம் நாள் சிவப்பு மங்கியதும் நிறுத்துகிறீர்கள் பாருங்கள், நானும் அங்கேதான் தப்புச் செய்தேன். கண்ணுக்கு அடங்கினாலும் தடவிப் பார்த்தால் சொரசொரப்பு இருக்கும், அடியில் புண் ஆறியிருக்காது. முழுக்க வழுவழுப்பாகும் வரை எனக்குப் போடச் சொன்னார். அதற்கப்புறம் அடிக்கடி வருகிற இடங்களில் மட்டும் வாரத்துக்கு ரெண்டு நாள். உங்கள் மகளுக்கு இந்த ரெண்டு நாள் முறை சரிப்படுமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு 0.03 சதவீதம் ரெண்டு வயதுக்கு மேல் கொடுக்கிறார்கள், அதையும் கேட்கலாம்.

மாசம் ஆயிரம் ரூபாய் என்கிறீர்கள். அந்தக் காசை அப்படியே பூச்சு டப்பாவுக்கு மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மருந்துக்கடை_திருச்சி

மருந்தாளுநராக 14 வருடம். மேலே அக்கா எழுதியதோடு கடைப் பக்கத்து விஷயம் ஒன்றிரண்டு.

"புரோபயாடிக் கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கைக்குப் போவது வயிற்றுப்போக்குக்கான சரக்கு. பேசில்லஸ் கிளாசி உள்ள குட்டி பாட்டில், சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் உள்ள சாஷே. எக்ஸிமா ஆய்வுகளில் பெரும்பாலும் பேசப்படுவது லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகள். அதிலும் இனப்பெயருக்குப் பின்னால் வரும் ஜிஜி, ஹெச்என்001 போன்ற எழுத்து எண்தான் முக்கியம். நெல் என்று பொதுவாகச் சொன்னால் பொன்னியா, கிச்சிலிச் சம்பாவா என்று தெரியாதல்லவா, அது போல. ஒன்றில் வந்த முடிவை இன்னொன்றுக்கு ஒட்ட முடியாது. பல டப்பாக்களில் அந்த எண்ணே இருக்காது.

பால் அலர்ஜி உள்ள குழந்தை என்றால் லேபிளைக் கட்டாயம் படிக்கவும். சில பொடிகளில் பால் புரதம் கொஞ்சம் கலந்திருக்கும். குறைமாதத்தில் பிறந்த பச்சைக் குழந்தை, எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை, ரத்தக் குழாயில் நீண்டகாலக் குழாய் பொருத்திய குழந்தை, இவர்களுக்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது. நல்ல பாக்டீரியா என்றாலும் ரத்தத்தில் கலந்தால் தொற்றுத்தான். குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023-ல் தனியாகவே எச்சரிக்கை விட்டிருக்கிறது.

நிலா_2வது

மன்னிக்கணும், நடுவுல புகுந்து கேக்கறேன். நான் இப்போ ஆறு மாசம். மூத்தவனுக்கு எக்ஸிமா, என் வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா. வயித்துல இருக்கறப்பவே அம்மா புரோபயாடிக் எடுத்தா பொறக்கற குழந்தைக்கு வராதுன்னு படிச்சேன். அதுவும் பொய்யா?

மஞ்சள்காடு (ஈரோடு)

பொய் இல்லைங்க நிலா. வந்ததைச் சரிசெய்வது ஒரு கேள்வி, வராமல் தடுப்பது வேறு கேள்வி. ரெண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் அந்தப் பொடிகளை விற்கிறார்கள். தடுப்பதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

2001-ல் பின்லாந்தின் துர்கு நகரத்தில் செய்தது பேர் பெற்ற ஆய்வு. குடும்பத்தில் அலர்ஜி உள்ள கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்கு ரெண்டு முதல் நாலு வாரம் முன்னாலிருந்து ஜிஜி என்ற வகையைக் கொடுத்தார்கள். அதைக் கண்டெடுத்த கோர்பாக், கோல்டின் ரெண்டு பேரின் முதலெழுத்துத்தான் அந்த ஜிஜி. பிறந்த பிறகு ஆறு மாதம் தாயோ குழந்தையோ தொடர்ந்து எடுத்தார்கள். ரெண்டு வயதில் பார்த்தால் எக்ஸிமா வந்தது 23 சதவீதம் பேருக்கு, வெறும் மாவுப் பொடி எடுத்த பக்கம் 46 சதவீதம். பாதியாகக் குறைந்துவிட்டது! நான் இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, இரண்டாவது குழந்தை பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

ஆனால் அதே ஜிஜியை ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்தில் கொடுத்துப் பார்த்து 2008-ல் வெளியிட்டார்கள். 28 சதவீதம், 27.3 சதவீதம். ஒரு வித்தியாசமும் இல்லை. போதாக்குறைக்கு, அடிக்கடி மூச்சு இளைப்போடு சளி பிடித்த குழந்தைகள் ஜிஜி எடுத்த பக்கம்தான் அதிகம். உங்கள் வீட்டில் ஆஸ்துமா இருப்பதால் இதையும் சேர்த்தே சொல்கிறேன். அதே வருடம் நியூசிலாந்து ஆய்வு வந்தது. அவர்கள் ரெண்டு வகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். ஹெச்என்001 கொடுத்த குழந்தைகளுக்கு எக்ஸிமா பாதியாகக் குறைந்தது, ஹெச்என்019 என்ற பிஃபிடோ வகை ஒன்றும் செய்யவில்லை. திருச்சி அண்ணன் பொன்னி, கிச்சிலி என்று சொன்னாரே, இதுதான்.

உலக அலர்ஜி அமைப்பு 2015-ல், அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள குழந்தையைச் சுமக்கும் தாய்மார்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறது. அதோடு சேர்த்தே, ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்றும் எழுதியிருக்கிறார்கள். அதனால் உங்கள் மகப்பேறு டாக்டரிடம் வகையின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், பிறக்கிற குழந்தைக்கு எக்ஸிமா வந்துவிட்டால் அது உங்கள் குற்றம் இல்லை. ஃபிலாக்ரின் என்று தோலின் மேலடுக்கைக் கட்டிப் பிடிக்கிற ஒரு புரதம். அதன் மரபணுவில் பழுது இருந்தால் எக்ஸிமா வர வாய்ப்பு அதிகம் என்று 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். தோலே ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாமல் பிறக்கிற பிள்ளைகள் இவர்கள். "கர்ப்பத்தில் கருவாடு தின்றாய், கத்திரிக்காய் தின்றாய்" என்று என்னை என்னென்னவோ சொன்னார்கள். அந்தப் பேச்சை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

சரோஜா பாட்டி

கண்ணுகளா, எங்க காலத்துல பொடி ஏது, களிம்பு ஏது. தேங்காய் எண்ணெயும் வீட்டுத் தயிரும்தான். தயிர்லயே அந்த நல்ல கிருமி இருக்குதுங்கறாங்களே, அப்புறம் எதுக்குக் காசு கொடுத்து வாங்கணும்?

மஞ்சள்காடு (ஈரோடு)

அம்மா, தேங்காய் எண்ணெய் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பிலிப்பைன்ஸில் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளுக்கு எட்டு வாரம் தடவிப் பார்த்து 2014-ல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்குச் சுத்திகரிக்காத 'விர்ஜின்' தேங்காய் எண்ணெய், மறு பாதிக்கு மினரல் ஆயில். ஸ்கோராட் தேங்காய் எண்ணெய்ப் பக்கம் 68 சதவீதம் குறைந்தது, மினரல் ஆயில் பக்கம் 38. என் மகனுக்கு வெயில் காலத்தில் பாரஃபின் பூச்சு வேர்க்கிறது என்று அழுவான், அப்போது தேங்காய் எண்ணெய்தான். வெடித்து நீர் வடிகிற இடத்தில் மட்டும் எந்த எண்ணெயும் வைப்பதில்லை. கடலை எண்ணெயும் வேண்டாம். வெடித்த தோல் வழியாக வேர்க்கடலை உள்ளே போய்த்தான் பல குழந்தைகளுக்கு அந்த அலர்ஜியே பிடிக்கிறது என்று ஆராய்ச்சி இருக்கிறது.

தயிரும் தாராளமாகக் கொடுக்கலாம், குழந்தைக்குப் பால் அலர்ஜி இல்லாத வரைக்கும். நம் வீட்டு உறையில் எந்தக் கிருமி எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு மாறும், அதனால் எக்ஸிமாவுக்கு மருந்தென்று எண்ணிக் கொடுக்க முடியாது. சாப்பாடாகக் கொடுக்கலாம். என் மகனுக்குத் தயிர் சாதமும் மாவடுவும் இருந்தால் போதும்.

தென்றல்_பொள்ளாச்சி

எல்லோருக்கும் நன்றிங்க. ஈரோடு அக்கா எழுதினதை வீட்டுக்காரருக்கும் வாசிச்சுக் காட்டினேன். எங்க வீட்டு ட்யூப் 75 கிராம், தீபாவளிக்கு வாங்கினது, இன்னும் பாதி இருக்கு. பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சு. பொடி வாங்கலை. புதன்கிழமை டாக்டர்கிட்ட போறோம்.

இன்னொண்ணு. நிறுத்தின முட்டை, வேர்க்கடலையை நாளைக்கே திரும்பக் கொடுக்க ஆரம்பிக்கலாமுங்களா அக்கா? மாமியார்கிட்ட நான் பேசிக்கறேன்.

மஞ்சள்காடு (ஈரோடு)

நாளைக்கு வேண்டாம் தங்கச்சி. அவசரப்படாதீர்கள்.

கத்திரிக்காயை இன்றைக்கே கூட்டில் போடுங்கள். அதைச் சாப்பிட்ட நாளில் மகளுக்கு வாய் வீங்கவோ, தடிப்பு வரவோ இல்லையென்றால், கரப்பான் பண்டம் என்ற பேருக்காக மட்டும் நிறுத்தி வைக்கத் தேவையில்லை. முட்டையும் வேர்க்கடலையும் அப்படியில்லை. எக்ஸிமா உள்ள குழந்தைக்கு மாசக்கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டுத் திடீரென்று கொடுத்தால், முன்னால் ஒத்துக்கொண்டிருந்த பண்டமே கடுமையான அலர்ஜியாகத் திரும்பி வந்த குழந்தைகள் உண்டு. உதடு வீங்கி, மூச்சுத் திணறுகிற அளவுக்கு. எட்டு மாதம் என்பது சின்ன இடைவெளி இல்லை. புதன்கிழமை டாக்டரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். அலர்ஜி இருக்கிறதா என்று தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனை வேண்டுமா, முதல் வாயை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டுமா என்று அவர் சொல்லட்டும்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றால் தயங்காமல் கொடுங்கள். லண்டனில் 640 குழந்தைகளை வைத்து 2015-ல் முடித்த ஆய்வில், கடுமையான எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்தவர்களில், ஒரு வயதுக்குள்ளேயே வேர்க்கடலை கொடுக்க ஆரம்பித்தவர்களுக்குத்தான் வேர்க்கடலை அலர்ஜி மிகக் குறைவாக வந்தது. ஒதுக்கி வைத்தவர்களுக்கு அதிகம். நிலா, உங்கள் சின்னதுக்கும் இது உதவும், ஆறு மாதத்தில் சாப்பாடு ஆரம்பிக்கும்போது டாக்டரிடம் கேளுங்கள்.

புதன்கிழமை போகும்போது அந்தப் பாதி ட்யூபையும் ஆயின்மென்ட்டையும் பையில் எடுத்துப் போங்கள் தென்றல். எவ்வளவு பிதுக்குகிறீர்கள் என்று டாக்டர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். இன்று ராத்திரியிலிருந்தே ஒரு நோட்டில் எத்தனை தடவை எழுந்தாள் என்று மட்டும் குறித்து வையுங்கள். வந்ததும் இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.